மைப்படியும் மறுபடியும்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மாண்டபின் அவனுக்கு நடுகல் நட்டார்கள். கல்லுக்கு மயிற்பீலி சூட்டியதையும், சிறு கலத்தில் கள்ளை வார்த்துப் படைத்ததையும் ஔவையார் பாடியிருக்கிறார். தகடூர்தான் இன்றைய தருமபுரி. இந்த மாவட்டத்தில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் மரத்தடியிலும் எத்தனையோ நடுகற்கள் கிடைத்துவிட்டன. அதியமானின் கல் மட்டும் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்தது பாட்டுதான். பெயர் தெரியாத பலர் தலைமுறை தலைமுறையாக ஓலை பார்த்து ஓலை எழுதி அதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தபோது பல ஏடுகளை ஒப்புநோக்கித்தான் பதிப்பித்தார். அப்படியும் 267, 268 என்ற எண்களுக்குரிய பாட்டுகள் கிடைக்கவே இல்லை. வேறு சில பாட்டுகள் அங்கங்கே சிதைந்து நிற்கின்றன. கல்லைவிட நகல் நீண்ட நாள் வாழ்ந்தது என்பது இதில் தெரிகிற முதல் செய்தி. வாழ்ந்த நகலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்பது இரண்டாவது. நகல் எடுத்து வைத்துக் காப்பாற்றும் வேலையின் வரலாற்றைத் தருமபுரிப் பக்கத்துக் கற்களை வைத்துப் பேசினால் இந்த இரண்டு செய்திகளும் கடைசிவரை கூடவே வருகின்றன.

அந்த வேலையைப் பற்றிப் பேச இன்றைய கணினியிலிருந்து தொடங்கலாம். இணையத்தில் கடை நடத்துபவரும் கணக்கு எழுதுபவரும் வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் மெய்நிகர் சர்வர். அதாவது, தனி இயந்திரம் போல நடந்துகொள்ளும் ஒரு மென்பொருள் உருவம். அதன் வட்டு முழுவதும் வேறொரு பெரிய இயந்திரத்தில் பல நேரம் ஒற்றைக் கோப்பாகக் கிடக்கும். அதற்கு பேக்கப் எடுக்க இரண்டு வழி உண்டு. வேண்டிய கோப்புகளை மட்டும் பொறுக்கிப் படியெடுக்கலாம். அல்லது வட்டில் இருப்பதை எல்லாம், என்ன ஏது என்று பார்க்காமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை அப்படியே பெயர்த்து வைக்கலாம். பின்னதைத்தான் டிஸ்க் இமேஜ் என்கிறோம். அழித்த கோப்பின் மிச்சம், காலி இடம், நமக்குப் புரியாத அமைப்புத் துணுக்குகள் எல்லாம் அதில் சேர்ந்தே வரும். இடம் அடைக்கும், நேரம் பிடிக்கும். ஆனால் எது முக்கியம் என்று எடுப்பவர் முடிவு செய்யவேண்டியதில்லை என்பதே அதன் பலம். கல்வெட்டுத் துறையில் இந்த இரண்டு வழிகளுக்கும் இடையிலான வழக்கு நூறு வருடத்துக்கு மேற்பட்டது. அங்கே டிஸ்க் இமேஜின் இடத்தில் இருப்பது மைப்படி.

மைப்படி எடுப்பது பார்ப்பதற்கு எளிய வேலை. கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் தேய்த்து, பாசியையும் மண்ணையும் எழுத்துக் குழிக்குள்ளிருந்து கிளப்ப வேண்டும். பிறகு தாளை நனைத்துக் கல்மேல் ஒட்டி, கெட்டி மயிர்த் தூரிகையால் தட்டித் தட்டிக் குழிகளுக்குள் இறக்க வேண்டும். தாளுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றுக் குமிழ் நின்றுவிட்டால் அந்த இடத்து எழுத்து போனதுதான். தாள் அரை ஈரமாகக் காய்ந்த பதத்தில், மை தோய்த்த பொதியை மேலே ஒற்றிக்கொண்டே போக வேண்டும். மேடான பரப்பு கறுக்கும்; வெட்டிய எழுத்து வெள்ளையாக நிற்கும். ஈரம் அதிகமானால் மை குழிக்குள் ஊறிவிடும். வெயில் முந்திக்கொண்டால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். உரித்துக் காயவைத்ததும் ஊர், வட்டம், கல் நின்ற இடம், நாள் ஆகியவற்றை ஓரத்தில் எழுதினால் வேலை முடிந்தது. தூரிகை பிடிப்பவருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாமல் இருப்பது சில நேரம் நல்லதும்கூட. தெரிந்தவர் கண் எழுத்தைத் தேடும். தெரியாதவர் கை, எழுத்தையும் கீறலையும் உளி தவறிய பொளிவையும் ஒரே மாதிரி ஒற்றும்.

இதற்கு முந்திய வழி, கண்ணால் பார்த்து எழுதுவது. 1821இல் இறந்த காலின் மெக்கன்சி திரட்டிய பெருந்தொகுப்பில் அவருடைய உதவியாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தெழுதிய கல்வெட்டு நகல்கள் நிறைய உண்டு. பல கல்வெட்டுகள் இருந்ததற்கு அவை சாட்சி. ஆனால் எழுதியவர் எப்படிப் படித்தாரோ அப்படித்தான் அவை இருக்கும். அவர் பிழையாகப் படித்திருந்தால், பிழைக்குப் பின்னால் கல்லில் என்ன இருந்தது என்று அந்தத் தாளைக் கொண்டு சொல்ல முடியாது. சோழர் காலத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக எடுப்பித்தபோது, அங்கே இருந்த பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்ட வைத்தார். இதுவும் ஒரு பழங்கற்படி என்ற குறிப்பும் அங்கே இருக்கிறது. திருமழபாடியில் முதலாம் இராசராசன் கோயிலைப் பிரித்துக் கட்டச் சொன்னபோது, பழைய சாசனங்களைப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டு, இராசேந்திரன் காலத்தில் திரும்பக் கல்லில் வெட்டினார்கள். நகலை நகல் என்று அறிவிக்கும் அந்த நேர்மை பாராட்டத்தக்கது. இன்றைய பேக்கப் கோப்புகள் பலவற்றில் அவ்வளவுகூடக் குறிப்பு இருப்பதில்லை. ஆனால் வெட்டியவர்கள் தங்கள் காலத்து எழுத்தில் வெட்டினார்கள். நிலம் எவ்வளவு, பொன் எவ்வளவு என்பது தப்பியது. பழைய எழுத்தின் வடிவம் தப்பவில்லை. கோயில் நிர்வாகத்துக்கு அது போதும். எழுத்தின் வளர்ச்சியைக் கொண்டு காலம் கணிக்க நினைப்பவருக்குப் போதாது. எதிர்காலத்தில் யாருக்கு எது தேவைப்படும் என்று நகலெடுப்பவர் முன்கூட்டி அறிய வழியில்லை. பொறுக்கி எடுக்கும் நகல்கள் எல்லாவற்றிலும் உள்ள குறை இதுதான்.

1886இல் ஹுல்ஷ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்ட பிறகு மைப்படி எடுப்பது முறையான அரசுப் பணியாயிற்று. 1887 தொடங்கி ஆண்டறிக்கைகள் வந்தன. ஒவ்வொரு படிக்கும் ஆண்டும் எண்ணும் கொடுத்தார்கள். படி உண்மையாக இருந்தாலும், எந்தக் கல்லைப் படியெடுப்பது என்பதில் பொறுக்கல் தொடரத்தான் செய்தது. கோயில் சுவர்களுக்கே முதலிடம். அரசன் பெயர், ஆட்சியாண்டு, தானம் என்று பத்தி பத்தியாகக் கிடைக்கும் இடம் அதுதான். ஆடுமாடு மேயும் காட்டில் சாய்ந்து நின்ற நாலு வரி நடுகல்லுக்கு முறை வரத் தாமதமாயிற்று. தமிழக அரசு 1961இல் தனியாகத் தொல்லியல் துறை தொடங்கி, 1966 முதல் இரா. நாகசாமி அதன் தலைமையில் இருந்த காலத்தில்தான் செங்கம், தருமபுரிப் பகுதி நடுகற்கள் கூட்டங்கூட்டமாகப் பதிவாயின. ‘தருமபுரி கல்வெட்டுகள்’ முதல் தொகுதி 1975இல் வந்தது. தொறு என்று அந்தக் கற்கள் சொல்லும் மாட்டு மந்தையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ செத்தவர்களின் பெயர்கள் வரலாற்றுக்குள் வந்தது அப்படித்தான். பக்கத்துச் செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, அவனுடைய கோவிவன் என்ற நாயையும் அது நினைவுகூர்கிறது. கண்ணால் பார்த்து எழுதும் ஒருவர், அரசனையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு நாயின் பெயரை விட்டிருக்கலாம். அன்றைய வரலாற்றுப் பார்வைக்கு அது பெரிய இழப்பாகப்பட்டிருக்காது. மைப்படிக்கு நாயும் அரசனும் ஒன்று.

படிக்கத் தெரியாததையும் சேர்த்து எடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இந்தப் பகுதி தரும் சான்று வேறெங்கும் இவ்வளவு தெளிவாக இல்லை. இங்கே பழைய நடுகற்கள் வட்டெழுத்தில் உள்ளன. நுளம்பர் காலக் கல்வெட்டுகள் பல கன்னடத்தில் உள்ளன. பிறகு வந்தவை தமிழெழுத்தில் உள்ளன. மூன்றையும் ஒரே சரளத்தோடு படிப்பவர் எந்தக் காலத்திலும் சிலரே. வாசிப்பு மாறிக்கொண்டேயும் இருக்கும். மதுரைப் பக்கத்து மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் 1882இலேயே கண்ணில் பட்டுவிட்டன. அவற்றின் மொழி தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924இல். பிராமி எழுத்துத் தெரிந்த அறிஞர்களே நாற்பது ஆண்டுகள் தடுமாறியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் எழுந்த வாசிப்பு மட்டும் மிஞ்சி, கல் சிதைந்து போயிருந்தால் திருத்த வழியே இருந்திருக்காது. அதனால்தான், நூல் அச்சாகிவிட்டதே, இனி அந்தக் கறுப்புத் தாள்கள் எதற்கு என்ற வாதம் நிற்காது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் பலவற்றில் அச்சானது பெரும்பாலும் வாசகம். வாசகம் என்பது ஒருவர் எடுத்த முடிவு. அந்த முடிவைச் சோதிக்க வேண்டுமானால் மைப்படியிடமோ கல்லிடமோதான் போக வேண்டும்.

ஒளிப்படம் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒளிப்படம் வெளிச்சத்தை நம்பியிருக்கிறது. உச்சி வெயிலில் எடுத்த படத்தில் ஆழமில்லாத எழுத்து மறைந்துபோகும். சாய்ந்த மாலை வெயிலில் அதே எழுத்து துலங்கும். எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியால் பூசிப் படம் பிடித்தால், பூசியவரின் வாசிப்பைத்தான் படம் பிடித்ததாகும். மைப்படி கல்லைத் தொட்டு எடுப்பது, கல்லின் அளவிலேயே இருப்பது. அதே சமயம் மைப்படியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. நடுகல்லில் பாதி எழுத்து, பாதி உருவம். வில்லை வளைத்து நிற்கும் வீரனும் அவன் உடலில் தைத்த அம்பும் புடைப்பாகச் செதுக்கியவை. அந்த மேடுபள்ளத்தில் தட்டையான தாள் படியாமல் கிழியும். ஆகவே பெரும்பாலும் எழுத்து இருக்கும் பகுதியை மட்டும் ஒற்றுவார்கள். மைப்படியும் ஒரு வகையில் பொறுக்கல்தான் என்பதை ஒத்துக்கொண்டாக வேண்டும். உருவத்துக்கு ஒளிப்படமும், இப்போது வந்திருக்கும் முப்பரிமாண ஸ்கேனும் துணைக்கு வேண்டும். டிஸ்க் இமேஜிலிருந்து சர்வரை அப்படியே திரும்ப ஓட வைக்கலாம். மைப்படியிலிருந்து கல்லைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஒப்புமை அந்த இடத்தில் அறுந்துவிடுகிறது. திரும்ப வருவது வாசிக்கும் வாய்ப்பு மட்டும்.

கல் எங்கே போய்விடப்போகிறது என்பது இன்னொரு வாதம். தருமபுரியில் அந்த வாதத்துக்கு வேடியப்பன் கோயில்களே பதில். இந்தப் பக்கத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கும்பிட்டதால்தான் பல கற்கள் பிழைத்தன. கும்பிடாத கல் வரப்புக் கல்லாகவும் படிக்கல்லாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் மாறிவிடும். ஆனால் கும்பிட்ட கல்லும் அப்படியே நிற்பதில்லை. எண்ணெய், மஞ்சள், குங்குமம், திருவிழாவுக்குத் திருவிழா ஒரு பூச்சு. கொஞ்சம் பணம் சேர்ந்தால் சுற்றிலும் சிமெண்ட் மேடை. கடைசி வரி மேடைக்குள் போய்விடும். சிலர் இதைப் பாமரத்தனம் என்று திட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயிரத்து ஐந்நூறு வருடமாக ஒரு செத்த வீரனுக்குச் சோறு படைப்பவர்களைவிடப் பெரிய காவலர் யாரும் அந்தக் கல்லுக்கு வாய்த்ததில்லை. அவர்கள் காப்பது கல்லை. எழுத்தைக் காப்பது வேறொருவர் வேலை. கல் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் மாதிரி. அது தினமும் மாறுகிறது. ஓடுகிற சர்வரின் வட்டைப் படியெடுக்கும்போது பாதிக் கோப்பு பழைய நிலையிலும் பாதி புதிய நிலையிலும் அகப்படக்கூடாது என்று, ஒரு கணத்தில் நிறுத்திப் பிடித்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுப்பார்கள். மைப்படியின் ஓரத்தில் எழுதும் நாள் அந்தக் கணத்தைத்தான் குறிக்கிறது. நாள் இல்லாத மைப்படி எந்த நிலைக் கல்லைக் காட்டுகிறது என்று யாருக்கும் தெரியாது. நாள் எழுதிய இரண்டு படிகள் ஐம்பது வருட இடைவெளியில் இருந்தால், அந்த ஐம்பது வருடத்தில் கல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதே ஒரு வரலாறு.

இவ்வளவு பலம் உள்ள மைப்படி இருந்த இடத்தைப் பார்த்தால்தான் பலவீனம் தெரிகிறது. நடுவண் அரசின் கல்வெட்டுப் பிரிவு பல ஆண்டுகள் உதகமண்டலத்தில் இருந்து, 1966இல் மைசூருக்குப் போனது. சென்னை மாகாணம் முழுக்க எடுத்த தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் கூடவே போயின. ஈரமான தாளில் மை ஒற்றி மடித்து அடுக்கியவை அவை. மடிப்பில் முறியும், பூச்சி அரிக்கும். தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வழக்குகள் நடந்தன. 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அப்படியே உத்தரவிட்டது. தீர்ப்பைத் தமிழ்நாடு கொண்டாடியது. ஆய்வாளர்களுக்குப் பயணச் செலவு குறைந்தது உண்மை. மொழி தெரிந்தவர்கள் கையில் தாள்கள் இருப்பதும் நல்லதே. ஆனால் கொண்டாட்டத்தில் ஒரு விஷயம் பேசப்படாமல் போயிற்று. இடம் மாற்றுவது நகலெடுப்பது ஆகாது. மைசூரில் ஒன்று இருந்தது, சென்னையில் ஒன்று இருக்கிறது. எண்ணிக்கை அதே ஒன்றுதான். கல் அழிந்துபோன இடங்களில் அந்த ஒற்றைத் தாளே மூலம். மூலத்துக்கு மறுபடி, அதாவது இன்னொரு படி, வேண்டும் என்ற விதி அப்போது அந்தத் தாளுக்கும் பொருந்தும். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னையில், எல்லாம் ஒரே கட்டடத்தில் பத்திரமாக இருக்கிறது என்ற சொல் எனக்கு ஆறுதல் தரவில்லை.

கணினிக்காரர்கள் இதே பாடத்துக்குக் கொடுத்த விலை அதிகம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுவதும் அழிந்தது. பேக்கப் எடுத்திருந்தோமே என்று தேடிய வாடிக்கையாளர்களில் சிலருக்கு, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது அன்றுதான் தெரிந்தது. நமக்கு இன்னும் பக்கத்திலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அச்சு நூலுக்கு வேறெங்காவது ஒரு பிரதி இருக்கும், திரும்ப வாங்கலாம். படியெடுக்காத ஓலைச்சுவடிகள் அன்றோடு முடிந்தன. தருமபுரிக்கே திரும்பி வந்தால் எதிர்ப்பக்கச் சான்று கிடைக்கிறது. திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் கிழக்கிந்தியக் கும்பினி பெற்ற, தருமபுரியும் அடங்கிய பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1799 வரை நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். அந்த எழுத்துவேலையில் பெரும்பகுதி இன்று வாசிக்கக் கிடைப்பது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘பாராமகால் ஆவணங்கள்’ என்று சென்னையில் அச்சிட்டதால்தான். அச்சு என்றால் பல பிரதி. பல பிரதி என்றால் பல ஊர்.

இங்கே ஒருவர் என் வாதத்தையே என்மேல் திருப்பலாம். பொறுக்கி எடுத்த நகலும் கண்ணால் பார்த்தெழுதிய நகலும் குறைபட்டவை என்றால், அப்படி எழுதிய ஓலைகளின் வழியேதானே அதியமானின் நடுகல் பாட்டு ஈராயிரம் ஆண்டு தாண்டி வந்தது? ஆமாம். அது வந்தது ஓலை உண்மையாக இருந்ததால் அல்ல, ஓலை பலவாக இருந்ததால். ஒரு மடத்தில் கரையான் தின்றால் இன்னொரு புலவர் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தது. பிழைகள் வேறுவேறு இடத்தில் விழுந்ததால், ஒன்றின் பிழையை இன்னொன்றைக் கொண்டு திருத்த முடிந்தது. உ.வே.சா. செய்தது அதைத்தான். எந்தப் பிரதியிலும் பிழைக்காத பாட்டை மீட்க யாராலும் முடியவில்லை; 267, 268இன் கதை அது. ஆக, ஓலைக்குப் பெருக்கம் இருந்தது, மூலத்தின் வடிவைக் காட்டும் உண்மை இல்லை. மைப்படிக்கு உண்மை இருந்தது, பெருக்கம் இல்லை. தாளை நனைத்துத் தட்டி எடுப்பது கைவேலை; கல் ஊரில் இருக்கிறது, பணியாளர் குறைவு; ஒரு கல்லுக்கு ஒரு படி எடுத்து அடுத்த ஊருக்குப் போவதே பெரும்பாடு. இரண்டையும் ஒன்றாகத் தரக்கூடிய வழி மைப்படியை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து அந்தக் கோப்பைப் பெருக்குவது. மைப்படிகளை மின்னாக்கும் வேலை நடந்தும் வருகிறது. ஆனால் மின்னாக்கம் என்றாலே பேக்கப் என்று நினைப்பது பழைய தவறின் புதிய வடிவம். ஒரே அலுவலகத்தின் ஒரே சர்வரில் கிடக்கும் ஸ்கேன், மைசூர் அலமாரியில் கிடந்த தாளைவிட எந்த வகையிலும் பத்திரமானது அல்ல. தாள் மெல்ல மெல்லச் சாகும். வட்டு ஒரு நொடியில் சாகும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு காரியம் மிச்சமிருக்கிறது. அதைப் பெரும்பாலும் சில்லறை வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். முகவரி. ஹுல்ஷ் காலத்திலிருந்து எடுத்த படிகளில் இந்தப் பகுதிக் கற்களுக்குச் சேலம் மாவட்டம் என்றிருக்கும். 1965 அக்டோபர் 2இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 1975இல் வந்த நூலுக்குத் தருமபுரி என்று பெயர் வைத்தபோது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதற்குள் இருந்தன. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தது. செங்கம் வடஆர்க்காட்டிலிருந்து திருவண்ணாமலைக்குப் போனது. அன்று அரூர் வட்டம் என்று எழுதிய ஊர் இன்று பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில் இருக்கலாம். ஊருக்கு மேற்கே புளியமரத்தடியில் என்று எழுதியிருந்தால் மரம் எப்போதோ போயிருக்கும். சில கற்கள் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கே வந்துவிட்டன. அவற்றின் பழைய ஊர் இப்போது தாளின் ஓரத்தில் மட்டும் இருக்கிறது. மாறாமல் நிற்பது ஆண்டறிக்கையின் ஆண்டும் எண்ணும்தான். ஸ்கேன் செய்யும்போது கோப்புக்கு ஏதோ ஒரு வரிசை எண்ணைக் கொடுத்து, கறுப்புப் பரப்பை மட்டும் சட்டத்துக்குள் வைத்து ஓரத்தை வெட்டிவிடுகிற வழக்கம் உண்டு. பென்சிலால் எழுதிய ஊரும் நாளும் எண்ணும் இருப்பது அந்த ஓரத்தில்தான்.